கன்னத்து மணம்

திருச்சி தெப்பக்குளத்துக்கு எதிரே இருந்த செபஸ்தியானின் ஃபேன்ஸி ஸ்டோரில் லூர்துராணி பார்த்தது கொஞ்சம் விசித்திரமான வேலை. தினமும் காலையில் கடைக்கு வந்ததும் முகத்தைக் கழுவித் துடைத்து, வலது கன்னத்தில் மட்டும் ஏதாவதொரு கிரீமைப் பூசிக்கொள்ள வேண்டும். இடது கன்னத்தை வெறுமனே விட்டுவிட வேண்டும். வருகிற பெண்கள் இரண்டு கன்னத்தையும் தொட்டுப் பார்த்து வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வார்கள். அதற்குப் பிறகு அவர்களை உள்ளே திரை மறைவில் கண்ணாடி முன் உட்காரவைத்து, சின்னக் கரண்டியால் சாம்பிள் டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தடவிக் காட்டுவாள்.

பம்பாய்க் கம்பெனி ஒன்று அனுப்பும் சரக்கு அது. விலையைக் கேட்டால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். அதனால் செபஸ்தியான் ஒரு விதி வைத்திருந்தார். காரில் வருகிறவர்களுக்குக் கன்னத்தில் பூசலாம். நடந்து வருகிறவர்களுக்குப் புறங்கையோடு சரி.

லூர்துராணிக்கு முப்பது தாண்டியிருந்தது. பாலக்கரையில், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா அமிர்தசாமியோடு இருந்தாள். கறுப்புதான், ஆனால் கண்ணாடி மாதிரித் தோல். அதைப் பார்த்துத்தான் செபஸ்தியான் அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் அந்தத் தோலைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இப்போது யாரும் வருவதுமில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அழகம்மாள் அந்தக் கடைக்குள் வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் அவளும் புருஷன் வீரமலையும் ஒரு பூந்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். மலைக்கோட்டை வாசல் பூக்கடைகளுக்குப் பூவைப் போட்டுவிட்டு, காலிக்கூடையை ஸ்டோர் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருந்தாள். முகத்துக்குப் பூசுற சாமான் எல்லாம் காட்டுவீங்களாமே என்று கேட்டாள்.

லூர்துராணி புறங்கையை நீட்டச் சொல்லி ஒரு கிரீமைத் தடவினாள். அழகம்மாள் தோலைப் பார்க்கவே இல்லை. கையை மூக்குக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்ந்தாள். இது இல்லை என்று தலையை ஆட்டினாள். அடுத்த டப்பாவைக் கைகாட்டினாள். அதையும் முகர்ந்துவிட்டு, வரேன் பாப்பா என்று போய்விட்டாள்.

அடுத்த வெள்ளியும் வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும். ஒன்றும் வாங்கவில்லை, விலை கேட்கவில்லை, கண்ணாடி பக்கம் திரும்பவில்லை. கடைசியில் செபஸ்தியான் லூர்துராணியைக் கூப்பிட்டு, பூக்காரிக்கு வேடிக்கை காட்டக் கம்பெனி சாம்பிள் அனுப்பவில்லை, பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடு என்றார்.

அவள் சொல்லத்தான் போனாள். வாசல்படிவரை கூடவே வந்து, என்னம்மா தேடுறீங்க என்று மட்டும் கேட்டாள். அழகம்மாள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

அவளுக்கு ஒரே மகள், மயிலம்மாள். கன்டோன்மென்டில் ஒரு அதிகாரி வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டம்மாவுக்கு வரும் சாம்பிள் டப்பாக்களில் வேண்டாததை மயிலிடம் கொடுத்துவிடுவார்களாம். மயில் அதைத் துளித்துளியாகத் தொட்டுப் பூசிக்கொண்டு வேலைக்குப் போவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் போனவள் வீடு திரும்பவில்லை. நாலைந்து நாள் கழித்துக் கொள்ளிடத்தில் ஒரு உடம்பு ஒதுங்கியது. மயிலின் சேலை, மயிலின் ரவிக்கை. தெருவே பார்த்துவிட்டு ஆமாம் என்றது. வீரமலையும் ஆமாம் என்றார். அன்றைக்கே கரையில் வைத்து எரித்துவிட்டார்கள்.

"பொணத்த எனக்குக் காட்டல பாப்பா. முகம் இல்ல, பாக்க வேணாம்னுட்டாங்க" என்றாள் அழகம்மாள்.

அந்தக் கருமாதி முடிந்த பிறகு வீட்டில் ஒரு மணம் வர ஆரம்பித்தது. மத்தியான வேளையில், அவள் உட்கார்ந்து பூக்கட்டும்போது வரும். முன்னால் மல்லிகை குவிந்து கிடக்கும், மரிக்கொழுந்து கிடக்கும். அவ்வளவு வாசத்துக்கு நடுவிலும் அது தனியாக வந்து பக்கத்தில் நிற்கும். கொஞ்ச நேரம் இருக்கும், போய்விடும். மயில் பூசிக்கொண்டு போன அந்தக் கிரீமின் மணம்தான் அது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் மூன்று வருஷமாகிவிட்டதே, தன் மூக்கையே அவளால் நம்ப முடியவில்லை. புருஷனிடம் கேட்டால் எனக்கு ஒண்ணும் தெரியலையே என்பார். ஆனால் அவர் வீட்டுக்குள் படுப்பதை விட்டுவிட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

"அந்த டப்பா கெடச்சா மோந்து பாத்துருவேன். அதுதான்னா வர்றது எம்பொண்ணு. இல்லைன்னா எனக்குப் புத்தி பெசகிடுச்சுன்னு வெச்சுக்கறேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்ல."

லூர்துராணியின் அம்மா அவளுக்கு நினைவு தெரியுமுன்பே இறந்துபோனவள். அம்மாவின் முகம் ஒரு போட்டோவில் இருந்தது. மணம் எதிலும் இல்லை. அவள் அழகம்மாளைப் போகச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி முதலாளி சாப்பிடப் போகிற நேரமாக வரச் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்கப் பின்கட்டில் பழைய அட்டைப்பெட்டிகளைக் கிளறினாள். விலைபோகாத சரக்கு அங்கேதான் கிடந்தது. ஒரு பெட்டியின் அடியில் நீல மூடி போட்ட சின்ன டப்பாக்கள் இருந்தன. மணம் பிடிக்கவில்லை என்று பெண்கள் சொன்னதால் கம்பெனியே நிறுத்திவிட்ட கிரீம் அது என்று செபஸ்தியான் சொன்னார். வீணாகப் போகிறதே என்று கன்டோன்மென்ட் பங்களாக்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்து அனுப்பினாராம். மூடியைத் திறந்ததும் ஈர வெட்டிவேரின் வாசமும், அடியில் லேசாகப் பால் தீய்ந்தது போன்ற ஒன்றும் வந்தது. கிரீம் ஓரமெல்லாம் காய்ந்து நடுவில் மட்டும் ஈரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அதை வலது கன்னத்தில் பூசிக்கொண்டாள். அழகம்மாள் திரையை விலக்கியவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்து, பூநார் அறுத்துக் காய்த்துப்போன இரண்டு கையாலும் லூர்துராணியின் முகத்தைப் பிடித்துக் கன்னத்தில் மூக்கை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் லூர்துராணி. அழகம்மாள் தன் கையில் தடவிப் பார்த்தாள். அவள் தோலில் அது வேறாக இருந்தது. பூவும் ஈர மண்ணும் ஏறிய கை அது.

"நீ ஒருதரம் வீட்டுக்கு வர்றியா பாப்பா? இத பூசிக்கிட்டு வந்து சும்மா ஒக்காரு. அந்த மணமும் வரட்டும். ரெண்டும் ஒண்ணான்னு பாத்துர்றேன்."

லூர்துராணிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, அங்கே குழாயிலேயே முகம் கழுவி, கிரீமைப் பூசிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள்.

வடக்கு வாசல் தாண்டி, தென்னைக்கு நடுவே வண்டிப்பாதையில் நடந்து போனால் தோட்டம். கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லை. வெள்ளையாக மணல் மட்டும் கண்ணெட்டும் தூரம் கிடந்தது. ஓட்டு வீடு, ஒரே அறை. மயில் உட்கார்ந்து பூக்கட்டும் இடம் என்று சொல்லி, பின்கதவுக்குப் பக்கத்தில் அழகம்மாள் ஒரு சாக்கை விரித்தாள். எதிரே தானும் உட்கார்ந்து நாரை எடுத்தாள். வெளியே வெயிலில் ஒரு காக்கை மட்டும் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. லூர்துராணிக்குத் தன் கன்னத்து மணம் பழகி, அது இருப்பதே மறந்துபோயிருந்தது. திடீரென்று அது மறுபடியும் வந்தது. வலது பக்கத்திலிருந்து வரவில்லை, இடது பக்கத்திலிருந்து வந்தது. ஒன்றும் பூசாத அந்தக் கன்னத்துக்கு அருகே, யாரோ முகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல. அந்தப் பக்கம் மட்டும் தோல் குளிர்ந்தது. திரும்ப அவளுக்குத் தைரியமில்லை. அழகம்மாளைப் பார்த்தாள். அழகம்மாளின் கை நாரோடு அந்தரத்தில் நின்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது லூர்துராணியை அல்ல. லூர்துராணிக்கு இடப்பக்கம் இருந்த வெற்றிடத்தை.

அப்போதுதான் வீரமலை தண்ணீர் குடிக்கப் பின்கதவு வழியாக உள்ளே வந்தார். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே எதுவும் சரியாகத் தெரிந்திருக்காது. மகள் உட்காரும் இடத்தில் ஒரு பெண்ணின் முதுகும் கொண்டையும் தெரிந்தது. மணம் அவர் மேல் மோதியது. வாசற்படியிலேயே முழங்கால் மடிந்து விழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார்.

"உன் பேரு எனக்குத் தெரியாது தாயி" என்றார். "எம்பொண்ணு பேரச் சொல்லித்தான் கொள்ளி வெச்சேன். தெரிஞ்சுதான் வெச்சேன். நீ யாரு பெத்த புள்ளையோ. என்னய விட்டுரு."

லூர்துராணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து திரும்பினாள். அவள் யாரென்று பார்த்த பிறகும் அவரால் கையைக் கீழே இறக்க முடியவில்லை.

அழகம்மாள் கத்தவில்லை. நாரைக் கீழே வைத்தாள். "அப்ப எம்மக?" என்று கேட்டாள்.

வீரமலை தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மயில் காணாமல் போகவில்லை. அன்றைக்குக் காலையில், அழகம்மாள் பூவோடு டவுனுக்குப் போயிருந்த நேரம், தைரியராஜ் என்ற லாரி டிரைவரோடு தோட்டத்துக்கு வந்து நின்றாள். கிறிஸ்தவன், வேதக்காரப் பையன். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறோம், ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்றாள். எங்களுக்கு நீ செத்துட்டே, உங்கம்மாவும் இதையேதான் சொல்லுவா, இனிமே இந்தப் பக்கம் வராதே என்று அவர் விரட்டிவிட்டார். ஊருக்கு என்ன சொல்வது என்று அவர் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த உடம்பு ஒதுங்கியது. சேலையைப் பார்த்ததும் அவருக்கும் ஒரு கணம் உயிர் நின்றுவிட்டது. பிறகு கையைப் பார்த்தார். இடது கையில் தேள் உருவம் பச்சை குத்தியிருந்தது. மயில் பச்சை குத்திக்கொண்டதே இல்லை. மகள் இல்லை என்று தெரிந்தும், மகள்தான் என்று சொன்னார். ஓடிப்போனவளின் அப்பனாக இருப்பதைவிடச் செத்தவளின் அப்பனாக இருப்பது அந்த நேரத்தில் சுலபமாக இருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குள் அந்த மணம் வரும்போதெல்லாம் அது மயில் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மயில் இப்போது எங்கே என்று கேட்டதற்கு, துவாக்குடிப் பக்கம் புதிதாகக் கட்டிட வேலை நடக்கிற இடத்தில் அந்தப் பையன் லாரி ஓட்டுவதாகக் கேள்வி என்றார்.

அழகம்மாள் எழுந்து பானைத் தண்ணீரில் முகம் கழுவினாள். துவாக்குடிக்கு எந்த பஸ் என்று லூர்துராணியிடம் கேட்டாள். புருஷனைத் தாண்டிக்கொண்டு வெளியே போனாள். லூர்துராணியும் கூடவே போனாள்.

துவாக்குடியில் செம்மண் மேடும் கல்குவியலுமாக இருந்தது. தகரம் வேய்ந்த வீட்டு வரிசையில் டிரைவர் தைரியராஜ் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். மயில் இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"நான் அப்படிச் சொல்லல மயிலு" என்றாள் அழகம்மாள். "நீ செத்துட்டேன்னுதான் எனக்குச் சொன்னாங்க."

அதற்குமேல் அந்த இருவரும் என்ன பேசினார்கள் என்று லூர்துராணிக்குத் தெரியாது. அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு கல்குவியலுக்கு அப்பால் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மயில் அம்மாவின் மடியில் கிடந்தாள். அழகம்மாள் அவள் காது, கழுத்து, உச்சந்தலை என்று ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தாள். சோப்பு மணமும் பால் மணமும்தான் இருந்தன.

லூர்துராணிதான் அந்தச் சேலையைப் பற்றிக் கேட்டாள். மயிலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதே அதிகாரி வீட்டில் இருளாயி என்று ஒருத்தி பாத்திரம் தேய்த்தாள். மயிலின் வயதுதான், கையில் தேள் பச்சை. அந்த வீட்டுக்காரர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகி, அவளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். போக்கிடம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். தைரியராஜ் வாங்கி வந்த புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிய மயில், தன் சேலையையும் ரவிக்கையையும் அவளுக்குக் கொடுத்தாள். நீல மூடி டப்பாவையும் கொடுத்தாள். இருளாயிக்கு அந்த மணத்தின் மேல் ஆசை. மயில் பூசும்போதெல்லாம் பக்கத்தில் வந்து, கன்னத்தோடு கன்னம் வைத்து முகர்வாள். ஊருக்கே போயிடறேன் என்று சொல்லித்தான் அன்றைக்கு விடைபெற்றாள். அப்புறம் கொள்ளிடத்துக்கு எப்படிப் போனாள், கால் தவறியதா, தானாக இறங்கினாளா என்பது யாருக்கும் தெரியாது.

எந்த ஊர் என்று கேட்டார்கள். வையம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஏதோ பாறைக்கரட்டு அடிவாரத்து ஊர், அம்மா பேர் காளியாயி, அவ்வளவுதான் மயிலுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து லூர்துராணிக்கு இடது கன்னத்தில் அந்தக் குளிர்ச்சியும் மணமும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினாள், கடலைமாவு தேய்த்தாள். என்னம்மா புதுசா பூசியிருக்கே, வெட்டிவேரா என்று அமிர்தசாமி கேட்டார். கடையில் அவள் வலது கன்னத்தில் எதைப் பூசினாலும், வருகிற பெண்கள் இடது கன்னத்தைத் தொட்டுவிட்டு, இதுக்கு என்ன போட்டிருக்கீங்க, இதக் காட்டுங்க என்றார்கள். அவளுக்குக் கண்ணாடி முன் உட்காரவே முடியவில்லை. இருளாயியின் வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் இது தீராது என்று பட்டது. அழகம்மாளும் அதையே சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வையம்பட்டிக்குக் கிளம்பினார்கள். வீரமலையை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே திருச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றிருந்தார். பஸ்ஸில் தனியாகக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்.

வையம்பட்டியில் இறங்கி விசாரித்து, சோளத்தட்டைக் காட்டுக்குள் வெகுதூரம் நடந்தார்கள். காளியாயியின் குடிசை ஊருக்கு ஒதுக்கமாக ஒரு கரட்டின் கீழே இருந்தது. அவள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். திருச்சியிலிருந்து வருகிறோம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. எம்பொண்ணு இருளாயி அனுப்புனாளா என்று கேட்டாள். ஒருதரம் திருச்சிக்குப் போய்ப் பார்த்தாளாம். அந்த வீட்டுக்காரர்கள் மதராசுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். சரி, நல்ல எடம், கூடவே கூட்டிட்டுப் போயிட்டாங்க என்று நினைத்துக்கொண்டிருந்தாள். லெட்டர் போட அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று சிரித்தாள்.

வழியெல்லாம் என்ன சொல்வதென்று லூர்துராணி யோசித்து வைத்திருந்தாள். இப்போது அழகம்மாள் பக்கம் திரும்பினாள். வீரமலை குடிசைப் பக்கம் வராமல், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலியோரம் வெயிலிலேயே நின்றார்.

அழகம்மாள்தான் சொன்னாள். காளியாயிக்கு எதிரே உட்கார்ந்து, முறத்தை மெல்ல வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதலில் பச்சையைப் பற்றிக் கேட்டாள். காளியாயி தன் இடது கையைத் திருப்பிக் காட்டினாள். அதேபோல ஒரு தேள். ஒரே நாளில் ஒரே குறத்தியிடம் அம்மாவும் மகளும் குத்திக்கொண்டது. பிறகு அழகம்மாள் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சேலை, கொள்ளிடம், புருஷன் சொன்ன பொய், கொள்ளி வைத்தது. வேலியோரம் நிற்பது யார் என்பதையும் சொன்னாள்.

ஒரு கோழி வந்து முறத்திலிருந்த கம்பைக் கொத்தத் தொடங்கியது. அதைக் காளியாயி விரட்டவில்லை. வேலியோரம் நின்ற மனிதரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அழகம்மாளிடம்தான் கேட்டாள்.

"அழுதாங்களா யாராச்சும்? எம்புள்ளைக்கு?"

"நான் அழுதேன்" என்றாள் அழகம்மாள். "மூணு வருசமா அழுதேன். எம்மக பேரச் சொல்லித்தான் அழுதேன். ஆனா அழுதது அவளுக்குத்தான்."

காளியாயி கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழகம்மாளுக்கும் வந்தது. லூர்துராணி குடிசைக்குள் போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து இருவருக்கும் நடுவே வைத்தாள். அவளுடைய இடது கன்னத்தில் அந்தக் குளிர்ச்சியும் மணமும் இப்போது இல்லை. தூரத்தில் ரோட்டில் திருச்சி பஸ்ஸின் ஹார்ன் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.